குழந்தையின் தட்டும் இதயமும்: வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகனின் பின்கழுத்து கருத்திருந்ததை அழுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பயத்தமாவு போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன். தோல் சிவந்ததே தவிர கருப்பு போகவில்லை. அப்போது அவனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. காய்ச்சலுக்காக ஒரு நாள் குழந்தை மருத்துவரிடம் போனபோது அவர் காய்ச்சலை விட்டுவிட்டு அந்தக் கழுத்தைத்தான் உற்றுப் பார்த்தார். "இது அழுக்கு இல்லம்மா, தேய்க்காதீங்க. உடம்புல இன்சுலின் அதிகமா சுரக்குதுன்னு தோல் சொல்ற சேதி" என்றார்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடியது அல்ல. என் மாமனாருக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. கணவருக்கு ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, 38 வயதிலேயே ரத்தக்கொதிப்பு மாத்திரை. அடுத்து இந்தப் பிள்ளையா என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள் நாங்கள் வீட்டில் செய்ததையும், மருத்துவரிடமும் உணவியல் ஆலோசகரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ இருக்கும் ஒரு வீட்டில் நாளைக் காலையே தொடங்கக்கூடியவை இவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதை நம்பித்தான் நிற்கிறது. குழந்தையை டயட்டில் போடாதீர்கள். மாற வேண்டியது குழந்தையின் தட்டு மட்டும் இல்லை, வீட்டின் அடுப்படி.

இதயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மாரடைப்பு ஐம்பது வயதில் வருவது என்று நினைக்கிறோம். ஐம்பதில் வருவது அதன் கடைசிக் காட்சி. ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்பு கோடு கோடாகப் படிவது சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் போகலூசா என்ற சிற்றூரில் 1973 முதல் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். விபத்து போன்ற காரணங்களால் இறந்துபோன 2 முதல் 39 வயது வரையிலான 204 பேரின் ரத்தக்குழாய்களைப் பரிசோதித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. உடல் எடை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு ஆகியவற்றில் எத்தனை கோளாறுகள் சேர்ந்திருந்தனவோ, அந்த அளவுக்குக் குழாயில் கொழுப்புப் படிவும் கூடியிருந்தது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். சர்க்கரையும் மைதாவும் அடிக்கடி உள்ளே போனால் அதைச் சமாளிக்க இன்சுலின் மேலும் மேலும் சுரக்கிறது. வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேர உடல் அந்த இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதை நிறுத்துகிறது. கல்லீரல் மிச்சச் சர்க்கரையை டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது, கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வீங்குகிறது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைகிறது. சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைப்பதால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது அறைச் சுவர் தடிக்கிறது. இவ்வளவும் எந்த வலியும் இல்லாமல், பிள்ளை பள்ளிக்கூடம் போய்வந்து கொண்டிருக்கும்போதே நடக்கும்.

நம் ஊருக்கு இதில் தனிக் கதை ஒன்று உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் எடை, உயரத்தைச் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியினர் பதிவு செய்து வைத்தார்கள். அந்தக் குழந்தைகள் 26 முதல் 32 வயதை எட்டியபோது அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அழைத்துச் சோதித்தார்கள். அந்த இளம் வயதிலேயே சர்க்கரைக் கோளாறு எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. சிறு வயதில் மெலிந்திருந்து, பிறகு எடை வேகமாக ஏறியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொண்டவர்கள். பாட்டி காலத்தில் கூழ் குடித்து ஒல்லியாக இருந்த குடும்பங்கள் ஒரே தலைமுறையில் பஃப்ஸுக்கும் கூல்டிரிங்க்ஸுக்கும் வந்திருக்கின்றன. நம் உடம்புக்கு அந்த வேகம்தான் பகை. அதனால்தான் நம் பிள்ளைகள் பார்ப்பதற்கு ரொம்பக் குண்டாக இல்லாவிட்டாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருந்தால் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. சிறு வயதில் குண்டாக இருந்து, பெரியவர்களானபோது சரியான எடைக்கு வந்தவர்களின் இதய ஆபத்து, எப்போதுமே குண்டாக இல்லாதவர்களின் ஆபத்தை ஒட்டியே இருந்தது. 6,328 பேரைச் சிறுவயதிலிருந்து பின்தொடர்ந்து 2011-ல் வெளிவந்த ஆய்வு இது. கோடு விழுந்துவிட்டது என்று கைவிட வேண்டியதில்லை, அழிக்க நேரம் இருக்கிறது.

படி 1: கண்ணால் எடை போடாதீர்கள், டேப்பால் அளங்கள்

"பூசினாப்புல இருந்தாதாம்மா புள்ளைக்கு அழகு. கண்ணு வெக்காத" என்றார் என் அத்தை, அதாவது மாமியார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவர் பிள்ளை பெற்ற காலத்தில் மெலிந்த குழந்தைதான் பயமுறுத்தியது. ஆனால் இன்று வீட்டுக்கு வீடு பருத்த பிள்ளைகளையே பார்ப்பதால், பருமன்தான் சரியான உடம்பு என்று நம் கண் பழகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் கூடுதல் எடையோடு இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையின் எடையைக் கண் எப்படிச் சரியாகச் சொல்லும்?

முதல் அளவு மிக எளிது. தையல் டேப்பை எடுத்து, தொப்புளுக்குச் சற்று மேலே, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றுங்கள். பிள்ளை சாதாரணமாக மூச்சு விடும்போது அளக்க வேண்டும், வயிற்றை உள்ளே இழுக்கச் சொல்லாதீர்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். என் மகனுக்கு அன்று உயரம் 132 சென்டிமீட்டர், இடுப்பு 72. பாதி 66 ஆகிறது. ஆறு சென்டிமீட்டர் அதிகம்.

இரண்டாவது, பி.எம்.ஐ., அதாவது எடை உயரத்துக்கேற்றதா என்று காட்டும் எண். எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுக்க வேண்டும். அவன் எடை 40 கிலோ. 40-ஐ 1.32-ஆல் இருமுறை வகுத்தால் ஏறக்குறைய 23. பெரியவர்களுக்கு 23 என்றால் விளிம்பில் நிற்கிறார்கள் என்று விட்டுவிடலாம். குழந்தைக்கு அப்படி இல்லை. ஒன்பது வயதுப் பையனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் 20.5-ஐத் தாண்டினாலே உடல் பருமன். குழந்தையின் பி.எம்.ஐ. எண்ணை எப்போதும் வயது, ஆண்-பெண் வாரியான அட்டவணையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் நம் பிள்ளைகளுக்கென்றே ஓர் அட்டவணை தந்திருக்கிறது. மருத்துவரிடம் கேட்டால் அதில் புள்ளி வைத்துக் காட்டுவார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். தினமும் எடை மேடையில் ஏற்றாதீர்கள், அது பிள்ளையின் மனசைப் புண்ணாக்கும்.

படி 2: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதிவையுங்கள்

இதைப் பலரும் தவிர்த்துவிடுவார்கள். எனக்கு இதுதான் கண்ணைத் திறந்தது. ஒரு பழைய நோட்டில் ஏழு நாளும் பிள்ளையின் வாய்க்குள் போனது எல்லாவற்றையும் எழுதினேன். தாத்தா கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்தது, டியூஷன் வாசலில் தின்றது, பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக் எதையும் விடவில்லை.

சாப்பாடு பிரச்சினையாகவே இல்லை. மூன்று வேளையும் அவன் சாப்பிட்டது மற்றப் பிள்ளைகள் சாப்பிடும் அளவுதான். பள்ளிவிட்டு வரும் நாலரை மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் நடுவில்தான் எல்லாம் நடந்திருந்தது. வந்தவுடன் சத்துமாவு என்ற பெயரில் சர்க்கரை போட்ட பால், அதில் நனைக்க நான்கு பிஸ்கட். டியூஷன் போகும் வழியில் எக் பஃப்ஸோ காளானோ. திரும்பி வரும்போது பத்து ரூபாய் கூல்டிரிங்க்ஸ். இரவு டி.வி. முன்னால் சிப்ஸ் பாக்கெட். அப்புறம் தோசை. நாங்கள் மதியச் சோற்றைக் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். குறைத்திருந்தால் பசியில் இன்னும் இரண்டு பஃப்ஸ் தின்றிருப்பான்.

உங்கள் வீட்டு நோட்டு வேறு கதை சொல்லலாம். சில வீடுகளில் காலைச் சாப்பாடு இல்லாமல் ஓடுவதுதான் வேர். அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் காய்கறிச் சாம்பாரோடு கிடைக்கிறது. அந்தப் பிள்ளைகள் பதினொரு மணிக்குப் பெட்டிக்கடைக்கு ஓடத் தேவையில்லை. தனியார் பள்ளி வேனில் ஏழு மணிக்கு ஏறும் பிள்ளைகள்தான் வெறும் வயிற்றோடு போகிறார்கள்.

படி 3: குடிப்பதை முதலில் மாற்றுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் ஒன்றும் மாறாது. ஒன்றில் தொடங்க வேண்டுமென்றால் பானத்தில் தொடங்குங்கள். குடிக்கும் சர்க்கரை வயிற்றை நிரப்புவதில்லை. குடித்த பிறகும் அதே அளவு சாப்பாடு உள்ளே போகும்.

பாட்டிலின் பின்பக்கம் 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 250 மில்லி பாட்டிலில் 25 கிராம். ஒரு டீஸ்பூன் நான்கு கிராம் என்று வைத்தால் ஆறு டீஸ்பூனுக்கு மேல். இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு ஒரு நாள் முழுக்க மேலே சேர்க்கும் சர்க்கரை 25 கிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க இதயச் சங்கம் சொல்கிறது. அந்த ஒரு பாட்டிலிலேயே கணக்கு முடிந்துவிட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சேர்க்கவே வேண்டாம்.

நான் அவனை உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையை அவன் கையாலேயே போடச் சொன்னேன். மூன்றாவது ஸ்பூனில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டான்.

பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் வரும். பழமாகக் கடித்துத் தின்றால் நார் இருக்கிறது, வயிறு நிரம்புகிறது. பிழிந்து வடிகட்டினால் சர்க்கரைத் தண்ணீர் மிஞ்சுகிறது. வெல்லம், தேன், பனங்கற்கண்டு போட்டால் பரவாயில்லை என்று நாமே நம்மைத் தேற்றிக்கொள்கிறோம். இதயத்துக்கு அவையும் சர்க்கரைதான்.

வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது பிள்ளை குளிர்ச்சியாகத்தான் கேட்கும். தண்ணீர் குடி என்று மட்டும் சொன்னால் நடக்காது. மண்பானைத் தண்ணீர், இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட நீர்மோர் (உப்பு ஒரு சிட்டிகை போதும்), நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, தர்பூசணித் துண்டு இவற்றைக் கண்ணில் படும்படி வையுங்கள். எங்கள் ஃபிரிட்ஜின் கதவில் முன்பு கூல்டிரிங்க்ஸ் நின்ற இடத்தில் இப்போது மோர் பாட்டில் நிற்கிறது.

பாலில் கலக்கும் பவுடரைப் பற்றி ஒன்று. 2024 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சகம், இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே இல்லை. நல்ல சாப்பாடு சாப்பிடும் பிள்ளைக்குப் பவுடர் தேவைப்படாது. வெறும் பால் குடிக்க மறுத்தவனுக்கு நான் சுக்கும் ஏலக்காயும் போட்டு, சர்க்கரையை வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்தேன். ஐந்தாவது வாரம் அவனுக்கே தெரியவில்லை. ஆவின் பாலிலும் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3. கூடுதல் எடையுள்ள பள்ளிப் பிள்ளைக்கு நீலம் போதும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும் பாலில் கொழுப்பைக் குறைக்காதீர்கள், மூளை வளர அது வேண்டும்.

படி 4: நாலரை மணியைக் கைப்பற்றுங்கள்

பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு நிஜமாகவே பசி. அதைத் தின்பண்டப் பசி என்று நினைத்தது நான் செய்த தவறு. கதவைத் திறந்தவுடன் உணவு தயாராக இருந்தால் கடைப்பக்கம் கால் போகாது. ஐந்து நிமிஷம் தாமதித்தால் பிஸ்கட் டப்பாதான்.

வட ஆற்காடு வேர்க்கடலை விளையும் பூமி. தோலோடு உப்பு கொஞ்சமாகப் போட்டு அவித்த கடலை ஒரு கைப்பிடி, பிள்ளை உரித்து உரித்துத் தின்ன கால் மணி நேரமாகும், அதற்குள் வயிறு நிரம்பிவிடும். அதையே எண்ணெயில் பொரித்து மசாலா தடவினால் ஐந்து நிமிஷத்தில் ஒரு கிண்ணம் காலியாகும். மொச்சைச் சுண்டல், கொண்டைக்கடலை, கொள்ளு, அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தை மாதத்தில் பனங்கிழங்கு, கொய்யா, அவித்த முட்டை, முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்ட கேழ்வரகு அடை இவற்றில் ஏதோ ஒன்று. முந்தின இரவே கடலையை ஊறப்போட்டால் காலையில் குக்கரில் இரண்டு விசில், அவ்வளவுதான் வேலை. வேலைக்குப் போகும் அம்மாக்கள் சனிக்கிழமை ஒரே முறையாக வேகவைத்து டப்பாக்களில் பிரித்துவைக்கலாம்.

கேழ்வரகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அத்தைக்குக் களி கிண்டத் தெரியும். கட்டியில்லாமல் கிண்டி, உருட்டி, கீரைக் கடைசலோடு கொடுப்பார். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, அரிசியில் அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அதே கேழ்வரகை மாவாக்கிச் சர்க்கரை போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் பாதிப் பயன் போய்விடும். களிக்கும் கூழுக்கும் கீரையும் பருப்பும் தொட்டுக்கொள்ளும் பழக்கத்தை நம் முன்னோர் சும்மா வைக்கவில்லை. ஜவ்வாதுமலைச் சாமை கடைகளில் கிடைக்கிறது, பொங்கலும் உப்புமாவும் அதில் நன்றாக வரும். 'சிறுதானிய பிஸ்கட்' என்று அட்டையில் கதிர் படம் போட்டு விற்பதை மட்டும் நம்பாதீர்கள். பாக்கெட்டின் பின்னால் பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக இருக்கும். முதலில் கோதுமை மைதா, அடுத்து சர்க்கரை, பாமாயில் என்று வந்து கடைசியில் ராகி எட்டிப் பார்த்தால் அது மைதா பிஸ்கட்தான்.

டியூஷன் வழியில் கடை இருக்கிறதே என்றால், கையில் காசு கொடுப்பதை நிறுத்துங்கள். மறுப்பதற்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாளை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். என் மகன் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தான். அன்று பஃப்ஸ் உண்டு, கேள்வி கிடையாது. பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் வரையிலும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் கேட்டால் போதாது, நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள்.

படி 5: எண்ணெயை மாதக் கணக்கில் அளங்கள்

சமைக்கும்போது ஸ்பூன் கணக்குப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. மாத மளிகைப் பட்டியலில்தான் பிடிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர். எங்கள் வீட்டில் ஆறு பேர், மூன்று லிட்டர் வர வேண்டும். நோட்டைப் பார்த்தால் நான்கு லிட்டர், அதோடு ரேஷன் பாமாயில் ஒரு லிட்டர். இரண்டு லிட்டர் அதிகம்!

பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.-ஐ ஏற்றுவது அதுதான். ரேஷனில் வாங்குவதை விட முடியாத வீடுகள் உண்டு, அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அதைத் தாளிக்க மட்டும் வைத்துக்கொண்டு, பொரிப்பதை மாதம் இரண்டு முறையாகக் குறைத்தாலே பெரிய மாற்றம். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் நல்லதுதான். செக்கு எண்ணெய் என்பதற்காக ஊற்றி ஊற்றிச் சமைத்தால் அதிலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான்.

பொரித்த எண்ணெயை மறுநாள் மறுபடி கொதிக்கவிடாதீர்கள். டால்டாவையும் அதில் செய்த பேக்கரிப் பண்டங்களையும் விலக்குங்கள். எண்ணெயை டால்டாபோலக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. இருந்தாலும் பஃப்ஸில் இருக்கும் மைதாவையும் நிறைகொழுப்பையும் எந்தச் சட்டமும் எடுத்துவிடவில்லை.

உப்பும் இங்கேயே. பெரியவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். குழந்தைக்கு அதைவிடக் குறைவு. பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை கிடைக்கும். 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. சாப்பாட்டு மேசையிலிருந்து உப்பு ஜாடியையும், தினசரி அப்பளத்தையும் ஊறுகாயையும் எடுத்துவிடுங்கள். இதில் முதலில் முரண்டு பிடித்தது பிள்ளை இல்லை, என் கணவர்.

படி 6: தட்டின் வடிவத்தை மாற்றுங்கள்

தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு சோறோ களியோ சப்பாத்தியோ. மிச்சக் கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கோழி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட 17 வழிகாட்டுதல்களின் சாரமும் இதை ஒட்டியதுதான். நம் வீடுகளில் தட்டு தலைகீழாக இருக்கிறது. சோறு மலை, காய் ஒரு ஓரத்தில் தொட்டுக்கொள்ள.

காயே தின்னமாட்டான் என்கிறீர்களா? என் மகனும் அப்படித்தான். வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியைக் காட்டி, "நம்ம ஊர்க் காய்டா, வாங்கிப் பார்ப்போமா?" என்று நேதாஜி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். முள் குத்தக் குத்த அவனே பொறுக்கினான். தான் பொறுக்கிய காய் என்பதால் இரண்டு துண்டு தின்றான். பிடிக்காத ஒரு காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். ஒவ்வொரு முறையும் ஒரு வாய், வற்புறுத்தல் இல்லாமல். இதில் பொறுமையைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

என்ன உணவு, எந்த நேரம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். தட்டைக் காலி செய் என்று அடம்பிடிக்கும்போது, போதும் என்று வயிறு சொல்வதைக் கேட்காதே என்று நாமே பழக்குகிறோம். டி.வி.யும் போனும் அணைந்திருக்க வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டு தின்னும் பிள்ளைக்கு வயிறு நிரம்பியதே தெரியாது.

பிரியாணி? ஆம்பூரும் வாணியம்பாடியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அதைத் தடை செய்கிறேன் என்று சொன்னால் எந்த வீட்டிலும் இந்த வழிகாட்டியைக் கிழித்துப் போடுவார்கள். தேவையும் இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு, பிள்ளைக்கு அரைத் தட்டு, ஒரு நல்ல துண்டு கறி, கூட வரும் கத்திரிக்காய்க் குழம்பும் வெங்காயத் தயிர்ப்பச்சடியும் தாராளமாக. பிரியாணியோடு சில்லி சிக்கன், பரோட்டா, கூல்டிரிங்க்ஸ், கடைசியில் ஒரு மக்கன் பேடா என்று சேரும்போதுதான் அது கெடுகிறது. மக்கன் பேடா ஆற்காட்டின் பெருமை. விருந்தாளி வரும் நாளில் ஒன்றை நான்காகப் பிய்த்துப் பகிர்ந்து தின்கிறோம்.

படி 7: ஆட்டமும் தூக்கமும்

ஐந்து முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிஷம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும். வெயில் காலத்தில் காலை எட்டுக்கு முன்னும் மாலை ஐந்தரைக்குப் பின்னும். கோட்டைப் பூங்காவில் நடை, வறண்டு கிடக்கும் பாலாற்று மணலில் கிரிக்கெட், தெருவில் கயிறு தாண்டுதல், பெண் பிள்ளைகளுக்கு நொண்டி. பெண் பிள்ளைகளைப் பத்து வயதோடு தெருவிலிருந்து உள்ளே அழைத்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவர்களுக்கும் அதே இதயம்தான். பி.டி. வகுப்பில் கணக்குப் பாடம் நடத்தும் பள்ளியாக இருந்தால் போய்ப் பேசுங்கள்.

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இனிப்பைத்தான் தேடும். இரவு ஒன்பதுக்குமேல் எங்கள் வீட்டில் எல்லார் போனும் கூடத்தில் உள்ள அலமாரிக்குப் போகிறது, அப்பாவின் போன் உட்பட.

படி 8: வாயைக் காத்துக்கொள்ளுங்கள்

'குண்டா', 'பூசணிக்காய்' என்று செல்லமாகக் கூப்பிடும் சித்தப்பா எல்லார் வீட்டிலும் இருக்கிறார். அவரிடம் நேரில் சொல்லுங்கள், பிள்ளைக்கு முன்னால் வேண்டாம். கேலிக்கு ஆளாகும் பிள்ளை ஒளித்துவைத்துத் தின்னத் தொடங்கும், விளையாடப் போகாது. என் மகனின் பையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்த அன்று நான் கத்தினேன். அவன் அழவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தத் திருப்பல்தான் என்னை உறுத்தியது. அன்றிலிருந்து வீட்டில் எடை என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். ஓடும்போது மூச்சு வாங்காமல் இருக்க, பலமாக இருக்க என்று மட்டும் பேசுகிறோம். அவனுக்கென்று தனிச் சமையல் கிடையாது. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அவனுக்கும் ஒரே தட்டு. தங்கை ஒல்லியாக இருக்கிறாள் என்பதற்காக அவளுக்கு மட்டும் சிப்ஸ் வாங்கிக் கொடுக்கும் வீடுகளில் இந்த முயற்சி நிற்காது.

படி 9: எப்போது மருத்துவரிடம் போவது

பின்கழுத்து, அக்குளில் வெல்வெட் போன்ற கருமை, தூக்கத்தில் பலமான குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும், அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டுதல், ஓயாத தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். குண்டாகவும் வயதுக்குக் குட்டையாகவும் இருந்தால் ஹார்மோன் கோளாறா என்று பார்ப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 'தைராய்டுதான் காரணம்' என்பது உண்மையில்லை.

மூன்று வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தையின் கைக்கேற்ற பட்டையால் அளக்கிறார்களா என்று கவனியுங்கள், அளவு பொருந்தாத பட்டை தவறான எண்ணைக் காட்டும். எடை கூடிய பிள்ளைக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் சோதனைகள் எழுதித் தருவார்கள். குழந்தைகளுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 170-க்குக் கீழும் எல்.டி.எல். 110-க்குக் கீழும் இருக்க வேண்டும். லேப் அறிக்கையில் ஓரத்தில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கான எல்லை, அதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

குடும்பத்தில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்னோ பெண்களுக்கு 65-க்கு முன்னோ மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளை ஒல்லியாக இருந்தாலும் கொழுப்புச் சோதனை செய்யுங்கள். பரம்பரையாக எல்.டி.எல். மிக உயர்ந்திருக்கும் ஒரு நிலை உண்டு, அது உருவத்தைப் பார்த்துத் தெரியாது. எங்கள் மகளுக்கும் அதனால்தான் எடுத்தோம்.

எடை குறைக்கும் பவுடர், தேன் வெந்நீர், பட்டினி எதையும் வளரும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவர் வேறு மாதிரிச் சொல்லாதவரை, எடை குறைய வேண்டும் என்பதே பல பிள்ளைகளுக்கு இலக்கு இல்லை. எடை ஏறாமல் நின்றால் போதும், உயரம் வளர்ந்து அதைச் சரிக்கட்டும்.

என் மகனுக்குப் பதினான்கு மாதம் கழித்து உயரம் 138, எடை 41, இடுப்பு 68. இடுப்பு உயரத்தில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. பி.எம்.ஐ. 21.5, அட்டவணையில் உடல் பருமன் கோட்டை இன்னும் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. கழுத்துக் கருமை வெளிறியிருக்கிறது, முழுதாகப் போகவில்லை. அடுத்த அளவு தை மாதம். டேப் அத்தையின் தையல் டப்பாவில் இருக்கிறது. போன முறை அளந்து முடித்ததும் அத்தை தன் இடுப்பையும் அளக்கச் சொன்னார்.